வேதவசனத்தை ஆவிக்குரிய உணர்வோடு கேட்பது எப்படி?

மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் இயேசு படவில் ஏறி உட்கார்ந்து, கரையில் நிற்கும் திரளான ஜனங்களுக்கு விதைக்கிறவனைப் பற்றிய உவமையைச் சொல்லுகிறார். அங்கே இருந்த எல்லாருடைய காதிலும் ஒரே வார்த்தைகள்தான் விழுந்தன. அதற்குப் பிறகு நடந்ததை 10-ஆம் வசனம் சொல்லுகிறது: அவர் தனித்திருந்தபோது, பன்னிருவரும் அவர்களோடுகூட இருந்த வேறு சிலரும் அவரிடத்தில் வந்து அந்த உவமையைக் குறித்து விசாரித்தார்கள். அப்படி விசாரித்தவர்கள் கூட்டத்தைவிடக் கூர்மையான புத்தியுள்ளவர்கள் என்று நினைக்க இடமில்லை. "இந்த உவமையை நீங்கள் அறியவில்லையா?" என்று ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவே செய்தார். கூட்டத்துக்குப் புரியாததுபோலவே அவர்களுக்கும் புரியவில்லை. ஆனாலும் புரியாததை அப்படியே விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அவர்கள் அவரருகில் தங்கினார்கள், கேட்டார்கள், விளக்கத்தைப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆவிக்குரிய உணர்வோடு கேட்பது என்றவுடன், சிலருக்கு மட்டும் வாய்க்கிற ஒரு விசேஷித்த வரமாகவோ, ஆராதனை நேரத்தில் உடல் சிலிர்க்கிற ஓர் அனுபவமாகவோ அதை எண்ணிக்கொள்ளுகிறவர்கள் நம்மிடையே அநேகர். வேதம் அதை அப்படிக் காட்டவில்லை. கேட்டதோடு நின்றுவிடாமல், கேட்டதன் அருகில் தங்கி, விசாரித்து, சோதித்தறிந்து, அதற்குக் கீழ்ப்படிகிற பழக்கமாகவே அது காட்டுகிறது. விதைக்கிறவனின் உவமையில் விதை விழுந்த இடங்களாகிய வழியருகு, கற்பாறை, முட்செடி, நல்ல நிலம் ஆகிய நான்குமே வசனத்தைக் கேட்கிறவர்களைத்தான் குறிக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கேளாதவர்களுக்கு அதில் இடமே இல்லை. லூக்கா இதே உவமையைச் சொல்லி முடித்த சற்று நேரத்தில், "ஆதலால் நீங்கள் கேட்கிற விதத்தைக்குறித்துக் கவனியுங்கள்" என்ற எச்சரிப்பையும் எழுதிவைத்திருக்கிறார். அந்த விதத்தை எப்படிப் பழகுவது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

கேட்பதற்கு முன்பு

ஜெபத்திலிருந்து தொடங்குங்கள், அது சுருக்கமாக இருந்தால் போதும். "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" என்ற சங்கீதம் 119:18 ஒன்றையே தினமும் சொன்னாலும் நல்லது. ஆவிக்குரியவைகள் ஆவிக்கேற்றபிரகாரமாய் ஆராய்ந்து நிதானிக்கப்படுகிறவைகள் என்று பவுல் 1 கொரிந்தியர் 2-ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பதால், இந்த ஜெபத்தை வெறும் சடங்காக நினைத்துத் தாண்டிவிட முடியாது. அதே வேளையில், பரிசுத்த ஆவியானவர் போதிப்பார் என்பதால் நாம் படிக்கவோ ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவோ தேவையில்லை என்று வாதிடுகிறவர்கள் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிப்பது நல்லது. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டு போகிறான். ஆவியானவர் நேரடியாக அவன் மனதில் விளக்கத்தை உண்டாக்கியிருக்கலாம். அவரோ பிலிப்பு என்ற மனிதரை அந்த ரதத்தோடே சேர்ந்துகொள்ளும்படி அனுப்புகிறார். வாசிக்கிறவைகளின் கருத்து தெரியுமா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அந்த உயர்ந்த அதிகாரி கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டான். நன்றாகக் கேட்கிறவனிடம் இந்தக் கூச்சமின்மையை அநேகமாக எப்போதும் காணலாம்.

பிலிப்பு ரதத்தின் அருகே ஓடிச்சென்றபோது மந்திரி வாசிப்பது அவர் காதில் விழுந்தது. அவன் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். நீங்களும் அவ்வாறே வாசியுங்கள். கண் மட்டும் ஓடும்போது பழகிப்போன வசனங்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும். வாயும் காதும் சேரும்போது வேகம் தானாகக் குறையும். பகுதியைத் தேர்ந்தெடுக்கையில் அதிகார எண்களையும் வசன எண்களையும் அதிகமாக நம்ப வேண்டாம். அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்று வழங்கும் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தாரின் கிரேக்கப் பதிப்பில் இடம்பெற்றவை. எழுதியவர்கள் இந்த எண்களை மனதில் வைத்து எழுதவில்லை. ஆகவே ஒரு சம்பவமோ ஒரு வாதமோ தொடங்கி முடிகிற வரைக்கும் ஒரே அமர்வில் வாசிக்க வேண்டும். ஒருமுறை வேகமாகவும், மறுமுறை நிறுத்தி நிறுத்தியும் வாசித்தால் இரண்டாவது முறையில் நிச்சயம் ஏதாவது தட்டுப்படும்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை இரவே மறுநாளின் வேதபாடங்களை வாசித்துவைப்பது பெரிய உதவி. தென்னிந்தியத் திருச்சபையில் அந்தந்த ஞாயிற்றுக்குரிய பாடங்கள் முன்பே குறிக்கப்பட்டிருக்கின்றன. கத்தோலிக்கத் திருப்பலியின் ஞாயிறு வாசகங்களும் மூன்றாண்டுச் சுழற்சியில் வகுக்கப்பட்டவை. முன்கூட்டிக் குறிக்கும் வழக்கம் இல்லாத சபைகளில் போதகரிடமே கேட்டுக்கொள்ளலாம். கேட்கப்படுவதில் அவருக்கும் மகிழ்ச்சி இருக்கும்.

கேட்கும்போது

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில், தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் வேதபாரகனாகிய எஸ்றா காலைமுதல் மத்தியானமட்டும் நியாயப்பிரமாணத்தை வாசிக்க, ஜனங்கள் நின்று கேட்கிறார்கள். லேவியர் அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள் என்று 8-ஆம் வசனம் சொல்லுகிறது. ஜனங்கள் அழுததும், பின்பு அழுகை நீங்கி மகிழ்ந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. இந்த வரிசையை மாற்றாதிருப்பது நல்லது. நம்மில் பலர் ஒரு பகுதியைத் திறந்தவுடனே "இதில் எனக்கு என்ன இருக்கிறது?" என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய எளிய கேள்விகள் சில உண்டு. இங்கே பேசுகிறவர் யார்? யாரிடம் பேசுகிறார்? அவர்கள் அப்போது எந்த நிலையில் இருந்தார்கள்? இந்த வரிக்கு முன்னும் பின்னும் என்ன சொல்லப்பட்டிருக்கிறது?

இதைச் செய்து பார்ப்பதற்கு எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கமுள்ள தமிழ்ச் சபைகளில் இந்த வசனம் தெரியாதவர்கள் அரிது. தேவன் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்றும், எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பார் என்றும் அந்த அட்டை சொல்லும். அட்டை கையில் வந்தவுடன் மகனுடைய வேலையோ, மகளுடைய திருமணமோ, நின்றுபோன வீட்டு வேலையோ மனதில் எழுவது இயல்பு. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வசனம் இருக்கிற முழுப் பகுதியையும் வாசிக்கத்தான் சொல்லுகிறேன்.

இது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி, கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு இதை எழுதி அனுப்பினார். கடிதத்தின் தொடக்கத்தில் இருப்பது ஆறுதல் அல்ல, அறிவுரை: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறையாக்கிய அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடி அதற்காக ஜெபியுங்கள். இப்படிச் சொன்னதன் காரணம் 10-ஆம் வசனத்தில் தெரிகிறது. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் விடுதலை. அதாவது, அந்தக் கடிதத்தைக் கேட்ட வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. அதை அடுத்துத்தான் நாம் அட்டையில் வாசிக்கிற வசனம் வருகிறது.

இன்னும் ஒரு அதிகாரம் பின்னால் போனால் பொருள் மேலும் திறக்கும். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, ஆசாரியரும் ஜனங்களும் பார்த்திருக்க, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து முறித்துப்போட்டு, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் பேரால் அறிவிக்கிறான். கேட்டவர்களுக்கு எந்தச் செய்தி இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எரேமியாகூட "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொன்னார். அப்படி நடக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனாலும் ஆசைக்கும் தேவனுடைய வார்த்தைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் அறிந்திருந்தார். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். சில ஆண்டுகளில் எருசலேமும் இடிந்தது.

இவ்வளவையும் கேட்டபின் 11-ஆம் வசனத்துக்குத் திரும்பி வாருங்கள். அதன் ஆறுதல் குறைந்துவிடவில்லை. முன்பைவிடக் கனம் கூடியிருக்கிறது. காரியம் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற உறுதி அதில் இல்லை. நெடுங்காலம் முடியாமலே இருக்கிற ஒரு நிலையிலும் தேவன் தம் ஜனத்தைக் குறித்து நினைவாயிருக்கிறார், ஆகையால் அங்கேயே வீடு கட்டித் தோட்டம் போட்டு அயலாருக்கு நன்மை தேடி வாழலாம் என்ற உறுதி இருக்கிறது. வேலை கிடைக்காத மகனுக்கு இது பொருந்துமா என்றால், பொருந்தும். ஆனால் வேறு விதமாகப் பொருந்தும். வேலை கிடைக்கும் தேதியை அது சொல்லவில்லை, காத்திருக்கும் நாட்களில் அவன் எப்படி வாழலாம் என்பதைச் சொல்லுகிறது. அனனியாவின் மனநிலையோடு எரேமியாவின் வசனத்தை வாசிப்பது நம் சபைகளில் மிகப் பரவலான பழக்கம் என்பது என் எண்ணம். அந்த அட்டையின் பின்புறத்தில் "29:4 முதல் 14 வரை வாசிக்கவும்" என்று ஒரு வரி அச்சிட்டால் பாதி குறை தீர்ந்துவிடும்.

பிரசங்கத்தைக் கேட்பதில் வேறொரு சிக்கல் உண்டு. எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தின் கடைசியில், ஜனங்கள் கூட்டமாக வந்து தீர்க்கதரிசிக்கு முன்பாக உட்காருகிறார்கள், அவர் பேச்சு அவர்களுக்கு இனிய குரலுடையவன் வாத்தியத்தோடு பாடும் பாட்டைப்போல இருக்கிறது, கேட்கிறார்கள், செய்வதில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது "இன்றைக்கு நல்ல செய்தி" என்று சொல்லிக்கொள்ளுகிறோமே, அது எதைக் குறித்த பாராட்டு என்று நம்மையே கேட்டுப்பார்க்கலாம். எளிய சோதனை ஒன்று: அன்று மாலை, பிரசங்கியார் சொன்ன கதைகளையும் நகைச்சுவையையும் விலக்கிவிட்டு, வாசிக்கப்பட்ட வேதபகுதி என்ன சொல்லிற்று என்பதை வீட்டில் ஒருவரிடம் நான்கைந்து வாக்கியங்களில் சொல்ல முயலுங்கள். கதை மட்டும் நினைவில் நின்று வேதபகுதி மறந்துபோயிருந்தால், குறை சில வேளை பிரசங்கியாரிடத்திலும் இருக்கலாம். ஆனால் மறுபடியும் அந்தப் பகுதியைத் திறந்து வாசிக்க வேண்டியது கேட்டவரின் வேலை.

குறிப்பேடு வைத்துக்கொள்ளுகிறவர்கள் தலைப்புகளையும் உபதலைப்புகளையும் நகலெடுப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். புரியாத ஒரு காரியத்தை ஒரு கேள்வியாக எழுதுங்கள். மனதைத் தொட்ட அல்லது உறுத்திய ஒரு வரியை அப்படியே எழுதுங்கள். கைபேசியில் வேதத்தை வாசிக்கிறவர்கள் அந்த நேரத்துக்கு மட்டுமாவது வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்திவைப்பது நல்லது. குடும்ப ஜெபத்தில் இன்னொரு முறையைப் பரீட்சித்துப் பார்க்கலாம்: ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் வேதாகமத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்பது. ஆதி சபைகளில் கடிதங்கள் அப்படித்தான் கேட்கப்பட்டன. கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யும்படி பவுல் கேட்டுக்கொள்ளுகிறார்.

உள்ளம் எதிர்க்கும்போது

வசனம் பிடிக்காமல்போவதும் கேட்பதில் ஒரு பகுதியே. யோவான் 6-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் பேச்சைக் கேட்ட சீஷரில் அநேகர், இது கடினமான உபதேசம் என்று சொல்லிப் பின்வாங்கிப்போனார்கள். பன்னிருவரையும் பார்த்து, நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று அவர் கேட்டபோது, தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று பேதுரு சொல்லவில்லை. "ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்" என்றுதான் சொன்னார். ஒரு வசனம் உங்களுக்குள் கோபத்தையோ சலிப்பையோ எழுப்பினால், அதைத் தாண்டிப்போகாமல் அங்கேயே நிறுத்தி, எந்தச் சொல் எந்தக் காரணத்தால் உறுத்துகிறது என்று எழுதிப்பாருங்கள். மன்னிப்பைக் குறித்த வசனம் உறுத்தும்போது, அநேகமாக அங்கே ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகம் இருக்கும். கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கும்படி யாக்கோபு எழுதியது பொதுவான நடத்தையைக் குறித்த புத்திமதியாகவே வழக்கமாக எடுத்தாளப்படுகிறது; முன்னும் பின்னும் வாசித்தால், அது திருவசனத்தைக் கேட்பதைக் குறித்த பேச்சின் நடுவில் வருவது தெரியும்.

எதிர்ப்புக்கு மறைவான ஒரு வடிவமும் உண்டு. பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது, "இது நம் அண்ணிக்காகவே சொன்னது, இன்றைக்குப் பார்த்து அவள் வரவில்லையே" என்று நினைப்பது. இப்படி நினைக்காத கிறிஸ்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த நினைவு வந்த கணமே, அந்த வாக்கியத்தை உங்கள் பெயரோடு ஒருமுறை சொல்லிப்பார்ப்பது நல்ல மருந்து.

யாருடைய சத்தம் என்று நிதானிப்பது

1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தில் சிறுவனாகிய சாமுவேல் தேவனுடைய பெட்டி இருந்த ஆலயத்திலேயே படுத்திருக்கிறான். கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவனோ மூன்று முறையும் ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடுகிறான். கண் மங்கிப்போன, தன் குமாரரை அடக்கத் தவறிய அந்த முதியவர்தான் மூன்றாம் முறையில் காரியத்தை உணர்ந்து, "கர்த்தாவே சொல்லும்; அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லும்படி அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். குறைகள் உள்ள மூத்த விசுவாசிகளிடமிருந்தும் கேட்கக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை. அன்றிரவு சாமுவேல் கேட்ட செய்தி ஏலியின் குடும்பத்துக்கு விரோதமானது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு வந்ததாக நாம் நம்பும் ஒவ்வொரு செய்தியும் நம் விருப்பத்தோடு கச்சிதமாகப் பொருந்தியே வருமானால், அதைக் குறித்து நியாயமாகச் சந்தேகப்படலாம்.

பிறர் சொல்லும் தரிசனங்களையும் சோதிக்க வேண்டும். 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தில், பெத்தேல் ஊரில் அப்பம் புசிக்கவும் தண்ணீர் குடிக்கவும் கூடாது என்று கர்த்தரிடமே கட்டளை பெற்ற தேவனுடைய மனுஷனை, பெத்தேலின் கிழத் தீர்க்கதரிசி ஒருவன் "தேவதூதன் சொன்னான்" என்று பொய் சொல்லித் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறான்; திரும்பும் வழியில் அந்தத் தேவனுடைய மனுஷனைச் சிங்கம் கொன்றுபோடுகிறது. பேசியவரின் வயதும் பட்டமும் அவர் பேசியதற்கு உத்தரவாதம் ஆகாது. பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். லூக்கா அதைக் குற்றமாக எழுதாமல் நற்குணமாக எழுதியிருக்கிறார். தன் செய்தியை விசுவாசிகள் வேதத்தைத் திறந்து சரிபார்ப்பதைக் கண்டு முகம் சுளிக்கிற ஊழியர் ஒருவரைச் சந்தித்தால், அவரிடம் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

கேட்ட பின்பு

எஸ்றா வாசித்த மறுநாளே, பிதாவழி வம்சத்தலைவரும் ஆசாரியரும் லேவியரும் நியாயப்பிரமாணத்தின் வார்த்தைகளை அறிந்துகொள்ளும்படி அவரிடம் மறுபடியும் கூடிவந்தார்கள். ஏழாம் மாதப் பண்டிகையில் கூடாரங்களில் குடியிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதைக் கண்டார்கள். உடனே மலைக்குப் போய் ஒலிவக்கிளைகளையும் பேரீச்ச மட்டைகளையும் கொண்டுவந்து, வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் வீதிகளிலும் கூடாரங்களைப் போட்டார்கள். கேட்டதற்கும் செய்ததற்கும் நடுவில் அவர்கள் நீண்ட இடைவெளி விடவில்லை. நீங்களும் ஒரு பகுதியைக் கேட்டு முடித்ததும், அந்த வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். "இன்னும் அன்பாயிருப்பேன்" என்று எழுதினால் எதுவும் நடக்காது. யாரிடம், எப்போது, என்ன செய்வது என்று எழுதினால் நடக்கும். பாபிலோனில் இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதை வாசித்தவர், தான் வெறுத்துக்கொண்டே வாடகைக்குக் குடியிருக்கும் தெருவில் ஒரு பக்கத்து வீட்டாரைப் பெயர் சொல்லி ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். செய்யத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதியை மறுபடியும் வாசித்தால், முதல் வாசிப்பில் தென்படாத காரியங்கள் தென்படும்.

எவ்வளவு முயன்றும் விளங்காத பகுதிகள் எஞ்சி நிற்கும். பன்னிரண்டு வயதான இயேசு தேவாலயத்தில் சொன்ன வார்த்தையை யோசேப்பும் மரியாளும் உணரவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். அடுத்த வசனத்திலேயே, அவருடைய தாயார் அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்தில் வைத்துக்கொண்டாள் என்று வருகிறது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களை விளங்காத பகுதிகளுக்கென்று ஒதுக்கி, தேதியோடும் கேள்வியோடும் எழுதிவையுங்கள். வலிந்து ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்ளவும் வேண்டாம், அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடவும் வேண்டாம். போதகரையோ வேதபாட வகுப்பு நடத்துகிறவரையோ சந்திக்கப் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போய், எழுதிவைத்த கேள்விகளில் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.